அரண்மனை வாசலில் கழற்றிய செருப்புகள்

மாமியார் வீட்டார் கழற்றிப் போட்ட செருப்புகளை எல்லாம் ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டு, அரண்மனையை விட்டு விலகி நடந்துகொண்டிருந்தேன். அரண்மனை என்றால் அட்டையில் சுண்ணாம்பு பூசியது. திருவான்மியூர் தாண்டிக் கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்திருந்த கேளிக்கைப் பூங்காவுக்குள் இருந்தது. வாசலில் இரண்டு யானை பொம்மைகளும் மேலே ஒரு கலசமும் இருந்தன. மயிலாப்பூரிலிருந்து வந்த என் மாமியாருக்கு அது போதும். செருப்பைக் கழற்றிவிட்டார். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். நான் வளர்ந்த பினாங்கிலும் கோயிலுக்கு வெளியே செருப்பை விடுவோம், ஆனால் பொம்மைக்காக விட்டு நான் பார்த்ததில்லை. திருடு போய்விடும் என்று நான் காவலுக்கு நின்றேன். பிறகு, நிற்பதைவிட எடுத்துக்கொண்டு போய் நிழலில் உட்காரலாம் என்று தோன்றியது.

"இன்னா நைனா, இத்தினி செருப்ப அள்ளிக்கினு எங்க போய்க்கினு கீற?" என்று வாசல் காவலாளி மறித்தார்.

"எங்க ஆளுங்களோடதுதான் லா."

"எந்த ஊரு பேச்சு இது? எல்லாரும் இத்தான் சொல்றாங்க. பைய வெச்சிட்டு இங்கயே நில்லு."

அவர் சந்தேகப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. நானும் அந்த இடத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் மலாயாவில் ஊர் ஊராகப் போகும் ஃபன் ஃபேரில் வேலை பார்த்தவன் நான். தைப்பிங்கில் ஒரு மாதம், ஈப்போவில் ஒரு மாதம். பேய் வீட்டு இருட்டில் படுத்துக்கொண்டு, போகிறவர்களின் கணுக்காலைப் பிடிப்பது என் வேலை. மழையில் கூடாரம் ஒழுகும், அப்படியே தூங்குவோம். காசு கொடுத்து அலறிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகும் குடும்பங்கள் எனக்குப் புரிந்ததே இல்லை. பிறகு கப்பல், கொழும்பு, சென்னை, கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகும் போவதும் வருவதும்தான், எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. மறுநாள் காலை பம்பாய் ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். என் மனைவி செல்வி அதைப் பற்றிச் சண்டை போடவில்லை. "ஒரு நாளு எங்களோட வந்து சுத்து. அப்புறம் போறதுன்னா போ. ஆனா இந்தத் தடவ மீனாகிட்ட நீயே சொல்லு" என்றாள். அதுவும் ஏதோ தந்திரம் என்றுதான் நினைத்தேன்.

அரண்மனைக்குள்ளிருந்து என் மகள் மீனா வெளியே ஓடி வந்தாள். சிமெண்ட் கொதித்தது. காலை மாற்றி மாற்றி வைத்துத் தத்தினாள். "அப்பா, நீ வராம நான் உள்ள போமாட்டேன். செருப்பு போனா போவுது."

காவலாளி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போ நைனா. பைய நான் பாத்துக்கறேன். உன் செருப்பையும் உட்டுட்டுப் போ" என்றார்.

உள்ளே இருட்டு, இதுவும் ஒரு பேய் வீடுதான். எங்கே கயிறு, எங்கே விசிறி, எந்த மூலையில் ஆள் படுத்திருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அந்த மூலையில் ஒரு கை என் கணுக்காலைப் பிடித்தபோது முதலில் அலறியது நான்தான். மீனா என் விரலைப் பிடித்தபடி மூச்சுத் திணறச் சிரித்தாள். "அப்பா பயந்துட்டாரு, அப்பா பயந்துட்டாரு" என்று பாட்டியிடம் ஓடினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பையும் கொஞ்ச நேரம் சந்தேகத்தோடுதான் கவனித்தேன்.

வெளியே வந்தால் காவலாளியைச் சுற்றி ஒரே செருப்பு. எங்கள் பையைப் பார்த்துவிட்டு, இதுதான் வைக்கும் இடம் என்று வந்தவர்கள் எல்லாம் அவரிடம் விட்டுப் போயிருந்தார்கள்.

"உன்னால என் பொழப்பு நாறிப்போச்சு" என்றார் அவர். "மேனேஜர் வந்து பாத்துட்டு, இதுக்கு ஒரு ஆளு போடணுங்கறாரு. நாளைக்கு வர்றியா?"

திரும்பும் பஸ்ஸில் மீனா என் மடியில் தூங்கிவிட்டாள். பம்பாயைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை அதே பஸ்ஸில் ஏறி, அரண்மனை வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். வந்தவர்களின் செருப்புகளைப் பலகையில் அரண்மனையைப் பார்க்க அடுக்கினேன். பினாங்கில் வாங்கிய என் ரப்பர் செருப்பை மட்டும் ஸ்டூலுக்கு அடியில், சாலையைப் பார்க்க வைத்துக்கொண்டேன்.