கொடுத்த நாட்டைக் கேட்காமல் கழற்றக் கூடாது

ஒருவர் உதவியாகக் கொடுத்த பழைய சாமானைத் தூக்கிப் போடுவதற்கும் அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும் என்பதுதான் நான் பார்க்கும் தொழில்.

இங்கே கொடுத்தவரும் வாங்கியவரும் அரசாங்கங்கள். நட்பு நாடு ஒன்று பல வருடங்களுக்கு முன் நம் ராணுவத்துக்கு ஜெனரேட்டர், கூடாரம், சமையல் வண்டி, தண்ணீர் சுத்திகரிக்கும் டிரெய்லர் என்று அனுப்பியிருந்தது. அவற்றில் இனி தேவைப்படாதவை தாம்பரத்துக்கு மேற்கே ஒரு யார்டில் நிற்கின்றன. அவற்றைப் பட்டியல் போட்டு வழியனுப்பும் ஒப்பந்தம் எங்கள் சின்ன கம்பெனிக்குக் கிடைத்தது. நான் அதில் டாக்குமென்ட் அசிஸ்டென்ட். மூன்று மாதத் தற்காலிக வேலை. ஸ்டோர், குடோன், ஆடிட் என்று எங்காவது பட்டியலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு என் பாடு புரியும்.

மூன்று கோடுகள்

எங்கள் யார்டில் ஒரு சாமானுக்கு மூன்று கதிகள் உண்டு. கொடுத்த நாடே திரும்ப எடுத்துக்கொண்டால் நீலக் கோடு. அந்த நாட்டின் சம்மதத்தோடு இன்னொரு நட்பு நாட்டுக்குப் போனால் பச்சைக் கோடு. யாருக்கும் வேண்டாமென்றால் சிவப்பு. சிவப்பை காஸ் கட்டரால் துண்டு போட்ட பிறகுதான் காயலான் கடைக்குத் தருவோம். வெட்டியதற்கு அத்தாட்சியாக அதன் நம்பர் பிளேட்டைக் கழற்றிப் பையில் போட்டு, சீல் வைத்து, கொடுத்த நாட்டிடம் காட்ட வேண்டும்.

வேலையில் சேர்ந்த அன்று இதையெல்லாம் பொழிச்சலூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று மூச்சுவிடாமல் விளக்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மா பம்மலில் தோல் கையுறை தைக்கிறார். நடுவில் தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. சத்தம் அடங்கும் வரை காத்திருந்துவிட்டு அம்மா சொன்னார்: “தாய் வீட்டுச் சீர் பாத்திரம் மாதிரின்னு சொல்லு. ஓட்டையானாலும் போட முடியாது, பரண்லதான் கெடக்கணும். இதுக்காடி காலேஜ் போனே?”

அடுப்புக்கு ஆசைப்பட்டவர்

பல்லாவரத்திலிருந்து வந்த காயலான் கடைக்காரர் ஒருவர் சிவப்புக் கோடு போட்ட சமையல் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். நான்கு பெரிய அடுப்புகள், மடக்கும் மேசை, மேலே கூரை. அஸ்தினாபுரத்தில் அவர் மச்சான் பிரியாணிக் கடை வைத்திருக்கிறாராம். “முழுசா குடும்மா, வெட்டிப்புட்டா பாவம்” என்றார்.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எதையும் முழுதாக வாங்குகிறவர், பச்சைக் கோட்டு நாடே ஆனாலும், ஒரு உறுதிமொழி தர வேண்டும். அந்தப் படிவத்தை எடுத்து அவருக்கு வரி விடாமல் தமிழில் சொன்னேன். சொன்ன வேலைக்கு மட்டும் பயன்படுத்துவேன். கொடுத்த நாட்டைக் கேட்காமல் கைமாற்ற மாட்டேன். அவர்கள் ஆள் எப்போது வந்து பார்த்தாலும் காட்டுவேன். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “வெள்ளக்காரன் வரட்டும், ஒரு பிளேட் பிரியாணி போட்டு அனுப்பிக்கலாம். ஆனா அடுப்பக் கை மாத்தறதுக்கு அவன்கிட்ட பர்மிஷன் கேளுன்னா எப்டிம்மா? என் மச்சான் பொண்டாட்டியவே கேக்கறதில்ல!”

மண்ணெண்ணெய்க் குளியல்

இனிமேல் சொல்லப் போவது நான் செய்த காரியம்.

இரண்டு தண்ணீர் டிரெய்லர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே அச்சு, ஒரே நிறம், ஒரே துரு. ஒன்று நன்றாக ஓடும். புயலடித்தால் குடிநீருக்குத் திண்டாடும் ஒரு சின்னத் தீவு நாட்டுக்கு அதைத் தருவதென்று முடிவாகியிருந்தது. மற்றதில் பம்ப் போய் வருடக்கணக்காகிறது; அது வெட்டுக்கு. இரண்டின் நம்பரிலும் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு.

மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன். கொடுத்த நாட்டு அதிகாரியும் தீவு நாட்டு அதிகாரியும் வருகிறார்கள். நம்பர் பிளேட்டுகளோ எண்ணெய்ப் பிசுக்கில் படிக்கவே முடியாமல் இருந்தன. சரியாகப் படிக்க முடியவில்லை என்று அவர்கள் எழுதிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, பிளேட்டுக்கு நான்கு திருகாணி வீதம் கழற்றி, இரண்டையும் ஒரே டப்பாவில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். தேய்த்துத் துடைத்துத் திரும்ப மாட்டினேன். பெயின்டர் அந்த நம்பர்களைப் பார்த்து ஒன்றுக்குப் பச்சையும் மற்றதற்குச் சிவப்பும் அடித்துவிட்டுப் போனார். காஸ் கட்டர் பிடிக்கும் ஏழுமலை அண்ணா நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னா மேடம், கல்யாணப் பத்திரிகை மாரி மின்னுது!”

சொட்டுத் தண்ணீர்

காலையில் எல்லாம் அற்புதமாக நடந்தது. கொடுத்த நாட்டு அதிகாரி, பென்சிலைக் காதில் செருகிய உயரமான மனிதர், பிளேட்டுகளைப் படித்துத் தலையாட்டினார். எங்கள் சூப்பர்வைசர் டேனியல் சார் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அவர் கையிலிருந்த ஃபைலில் என் வேலையை ஆறு மாதம் நீட்டிக்கும் கடிதம் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் கையெழுத்து என்று சொல்லியிருந்தார். மிச்சம் இருந்தது ஒரே வேலை: சிவப்பு டிரெய்லரை இரு நாட்டார் முன்னிலையில் வெட்டுவது.

டீயோடு நின்றிருந்தேன். சிவப்பு டிரெய்லரின் குழாயிலிருந்து புழுதியில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு சொட்டு. போன வாரம் சோதனைக்காகத் தண்ணீர் ஓட்டியது நல்ல வண்டியில்தான். வருடக்கணக்காகச் செத்துக் கிடக்கும் வண்டியில் ஏது தண்ணீர்?

பிளேட்டுகளை மாற்றி மாட்டிவிட்டேனோ? வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. தீவுக்குப் போய் இறக்கிப் பார்க்கும்போது என் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது; கடிதத்தில் மட்டும் கையெழுத்து இருக்கும். ஏழுமலை அண்ணா நெருப்பைப் பற்றவைத்துவிட்டார். நெருப்பின் நீல நாக்கு வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை நோக்கிப் போனது. “அண்ணா, நிறுத்துங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்: “செத்த வண்டிக்கு இன்னா மேடம் இவ்ளோ கத்தல்? நான் இன்னும் கையே வெக்கல!”

படிவத்தில் இல்லாத கட்டம்

எல்லோர் முன்னாலும் சொன்னேன். என் ஆங்கிலம் பாதியில் நின்றது. மீதியை டப்பாவையும் திருகாணியையும் கையால் காட்டி முடித்தேன். டேனியல் சார் ஒன்றே ஒன்று கேட்டார். “கழட்டும்போது என்கிட்ட சொன்னியா?” “இல்ல சார்.” ஃபைலை மூடினார்.

சேஸிஸில் பெயின்ட்டுக்கு அடியில் நம்பர் குத்தியிருக்கும். ஏழுமலை அண்ணா கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, இலக்கம் இலக்கமாக வெளியே வந்தது. கடைசி இலக்கம் வந்ததும் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். மாற்றித்தான் மாட்டியிருக்கிறேன்.

தீவு நாட்டு அதிகாரி, குட்டையான ஒரு பெண் கேப்டன், “ஓட்டிக் காட்டுங்கள்” என்றார். யார்டின் மூலையில் தேங்கிய மழைத் தண்ணீரில் ஹோஸை இறக்கினோம். எஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது. டீ நிறத்தில் உள்ளே போன தண்ணீர் கண்ணாடியாக வெளியே வந்தது! சோதனைத் தாளை நான் நீட்டுவதற்குள் அவர் இரு கையிலும் ஏந்திக் குடித்துவிட்டார். அதற்குள் உயரமான அதிகாரி காதிலிருந்த பென்சிலை எடுத்துப் படிவத்தை மேலும் கீழும் தேடினார். பிறகு நிமிர்ந்து ஆங்கிலத்தில் சொன்னார்: “நாங்கள் கண்டுபிடித்த தவறுக்குக் கட்டம் இருக்கிறது. நீங்களே ஓடி வந்து சொன்ன தவறை எங்கே எழுதுவது?”

யார்டில் புது போர்டு

செத்த டிரெய்லரை அன்றே வெட்டினார்கள். நான் இரண்டு பக்கத்துக்கு விளக்கக் கடிதம் எழுதினேன். டேனியல் சார் அதைப் படித்து, இரண்டு இடத்தில் என் ஆங்கிலத்தைத் திருத்தினார். அடுத்த நாளே, நம்பர் பிளேட்டை யாரும் கழற்றக் கூடாது என்று வாசலில் ஒரு போர்டு வந்தது. அதைப் பார்த்து ஏழுமலை அண்ணா சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. சாயங்காலம் டேனியல் சார் கூப்பிட்டார். என் முன்னாலேயே ஃபைலைத் திறந்து, நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்: “ஆறு மாசம். ஆனா ஒண்ணு, இனிமே இங்க எதையும் சுத்தம் பண்ணாத. அழுக்காவே படிச்சுக்கலாம்.”

கொடுத்த நாட்டைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது என்று காயலான் கடைக்காரர் வரைக்கும் பாடம் எடுத்த நான், யாரையும் கேட்காமல் கழற்றியது எட்டே எட்டு திருகாணிதான்.