லாரி வரிசைக்கு அந்தப் பக்கம்

விமான நிலையத்தில் நான் ஏறிய ஆட்டோ வட சென்னையில் எர்ணாவூர் வந்ததும் நிற்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இடைவெளியே இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. நான் தங்கப்போகும் லாட்ஜ் அந்தப் பக்கம் இருக்கிறது.

ஓட்டுநர் போனை எடுக்கிறார். "மாமு, ஒரு பார்ட்டிய இட்டாந்துகீறேன். ஊருக்குப் புதுசு. நீ உன் வேலைய காட்டு."

பையை இறுக்கிக்கொள்கிறேன். உள்ளே பாஸ்போர்ட்டும் கப்பல் வேலைக்கான உத்தரவும் இருக்கின்றன. போன தடவை வேறோர் ஊரில் பை திருடுபோனபோது பத்து நாள் ரயில்வே ஸ்டேஷனில் படுத்தேன். வேலையும் போயிற்று.

"யாருக்குப் போன்?"

"என் தோஸ்துக்கு. இன்னா நைனா, பையைக் கொயந்த மாறி கட்டிப் புடிச்சிகினுகீற?"

ஆட்டோ வரிசையை ஒட்டி ஊர்ந்து, ஒரு நீல லாரி அருகே நிற்கிறது. அதன் டிரைவர் எட்டி என்னைப் பார்க்கிறான், பிறகு பையை. குதித்து ஓட ஒரு காலை வெளியே வைக்கிறேன்.

வரிசை நகர்கிறது. நீல லாரி மட்டும் நகரவில்லை. அதன் முன்னால் ஓர் ஆட்டோ நுழையும் அளவுக்கு இடம் விழுகிறது. பின்னால் ஹாரன்களும் வசவுகளும்.

"சீக்கிரம் போ மாமு! பின்னாடி கீறவன் என் வம்சத்தையே இஸ்துகினுகீறான்!" என்று நீல லாரி டிரைவர் எங்கள் ஓட்டுநரைப் பார்த்துக் கத்துகிறான்.

லாட்ஜ் வாசலில் ஓட்டுநர் பையை இறக்கக் கை நீட்டுகிறார். நானே தூக்கிக்கொள்கிறேன் என்கிறேன்.