‘குடிக்கலாம்’ என்று எழுதியவன்

மற்ற உத்தியோகங்களில் தவறு செய்தால் மேலதிகாரி திட்டுவார்; தண்ணீரைச் சோதிக்கும் உத்தியோகத்தில் யாரும் திட்டுவதில்லை, ஏதோ ஒரு தெருவில் பாடை கட்டுவார்கள். கையெழுத்துப் போட்டே காலம் தள்ளிய உங்களில் பலருக்கு நான் சொல்வது புரியும்.

நாற்காலி

வேலூர்ச் சுகாதாரப் பரிசோதனைச் சாலையில் நான் சீசா கழுவத்தான் சேர்ந்தேன். மனைவி இறந்த பிறகு வீட்டுக்குப் போக அவசரம் இல்லை. சாயங்காலங்களில் அங்கேயே தங்கி, அகராதியை வைத்துக்கொண்டு, அங்கே தலைவராக இருந்த டாக்டரின் புத்தகங்களைப் படித்தேன். கிருமி பார்க்கும் பூதக்கண்ணாடியில் பார்க்கவும் பழகினேன். டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். அவருக்குப் பதிலாக ஒருவரும் வராததால் தலைமைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் நாள் அவர் நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. பக்கத்தில் நின்றபடியே காகிதங்களைப் பார்த்தேன். என்னோடு சீசா கழுவிய கௌஸ் பாய் என்னைவிட மூத்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒக்காரு தம்பி. நின்னுக்கினே கையெழுத்துப் போட்டா கோணலாத்தான் வரும்.”

இல்லை

பச்சைத் தோல் தூக்குகிறவர்களுக்குக் கையில் கறுப்பாகப் புண் வரும். மாட்டின் அடைப்பான் நோய் மனிதனைத் தொட்டுவிட்டதோ என்று ஆஸ்பத்திரியிலிருந்து சீழை எங்களிடம் அனுப்புவார்கள். வாணியம்பாடித் தொழிலாளி ஒருவனின் சீழை இரண்டு நாள் பார்த்தேன். கிருமி கிடையாது. அவன் மனைவி வாசலில் காத்திருந்தாள். நல்ல சேதியை நானே சொல்லலாமென்று வெளியே வந்து, “இல்லைம்மா” என்றேன்.

அவள் அப்படியே தரையில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கௌஸ் பாய்தான் ஓடிவந்து, இல்லாதது கிருமி, ஆள் நன்றாக இருக்கிறான் என்று புரியவைத்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா?”

சீசா

ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் ஷாப்புத் தொழிலாளர் தெரு ஒன்று. அவர்கள் கிணற்றுக்கு அருகிலேயே, தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகளின் சாக்கடை ஓடியது. அடுத்த ஊரில் வாந்திபேதி கண்டதும் அந்தக் கிணற்றைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முடிவு தெரியும்வரை தெருவார் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீரை எங்கள் ஆள் போய்த்தான் எடுக்க வேண்டும். அந்த வாரம் வேலை நெருக்கடி. சுத்தம் செய்த சீசாவை மட்டும் கொடுத்தனுப்பி, நிரப்பி அனுப்பும்படி தெருப் பெரியவர் முனியப்பனுக்குச் சொல்லிவிட்டேன்.

வந்த தண்ணீர் பளிங்கு போல இருந்தது. சோதித்ததில் குற்றமே இல்லை. ‘குடிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தெருவார் ஆற்றுக்குப் போவதை விட்டுக் கிணற்றுக்குத் திரும்பினார்கள். பத்து நாளுக்குள் மூன்று வீடுகளில் சாவு. அதில் ஒரு வீடு முனியப்பனுடையது.

நான் நேரில் போனேன். சீசாவில் எந்தத் தண்ணீரை நிரப்பினீர்கள் என்று கேட்டேன். முனியப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் குரலில் கோபம் இல்லை. “எங்க கெணத்துத் தண்ணிய ஆபீசருக்கு எப்டி சாமி அனுப்பறது? நீங்க வாயில வச்சிப் பாப்பீங்களேன்னு, எம் மருமவதான் ஆத்துக்குப் போயி, துணியில வடிகட்டி எடுத்தாந்தா. அவதான் போய்ட்டா.”

அறிக்கை

மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. குமாஸ்தா வரைவு எழுதிக் கொண்டுவந்தார். ‘அத்தெரு மக்களின் அறியாமையால் நேர்ந்தது’ என்று அதில் ஒரு வரி. நான் கையெழுத்துப் போட்டால் மூன்று சாவும் அவர்கள் தலையில் ஏறிவிடும். போடாவிட்டால் என் நாற்காலி போகலாம். அந்த வரியை அடித்துவிட்டு, ‘ஆள் அனுப்பாதது என் பிழை’ என்று எழுதினேன். குமாஸ்தா பதறினார். அதே கடிதத்தில் சாக்கடைக்கு எட்டாத இடத்தில் புதுக் கிணறும் கேட்டிருந்தேன். கண்டனம் வந்தது; பல மாதம் கழித்துக் கிணறும் வந்தது. நாற்காலிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை போலும்.

புதுக் கிணற்றுக்கு நானே சீசாவோடு போனேன். கயிற்றில் கட்டி இறக்கும்போது முனியப்பன் வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சீசா தண்ணீரைத் தொட்டதும் அவர் மெதுவாகச் சொன்னார்: “இந்தத் தபா, இருக்கறதுலயே கெட்ட தண்ணியா பாத்து எடுத்துக்கோங்க சாமி.”

சுண்ணாம்பு கலந்தாலும் சாக்கடை கலந்தாலும் எங்கள் சோதனையில் தெரிந்துவிடும். மரியாதை கலந்த தண்ணீர் மட்டும் எப்போதும் நல்ல தண்ணீர் என்றே தேறிவிடுகிறது.