மாடியில் நின்றவன் பார்க்காத படம்

இது நடந்தது போன ஆடி மாதம், எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியில். ஆனால் இதன் வேர் முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலே பின்னால் போகிறது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கம்பத்தில் ஒரு கமிஷன் கடையில் திராட்சைப் பெட்டி தூக்கித்தான் பிழைப்பைத் தொடங்கினேன். இன்றைக்கு எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் நின்று பார்த்தால், கண்ணுக்குத் தெரிகிற திராட்சைப் பந்தலில் பாதிக்கு மேல் என்னுடையது. தெருவில் முதல் டிவி வாங்கியவன் நான். முதல் லாரி வாங்கியவனும் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கே சொன்னாலும் தப்பில்லை. யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. நினைத்த காரியத்தை முடிக்காமல் நான் வீடு திரும்பியது கிடையாது, ஒன்றே ஒன்றைத் தவிர.

கொடைக்கானல் மலையில் டிவி டவர் வந்த புதிது. சென்னையிலிருந்து ஒரு கூட்டம் வந்து, நான் குத்தகைக்குப் பிடித்திருந்த தோட்டத்தில் டெலிபிலிம் எடுத்தார்கள். மாற்றலாகி வருகிற ஒரு டீச்சரின் கதை. டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, எதிரே திராட்சைக் கூடையோடு நாலு பெண்கள் போக வேண்டும். நடிக்க ஆள் தேடினார்கள். நான் என் மனைவியையும், என் சித்தப்பா மகளையும், இன்னும் இரண்டு பேரையும் அனுப்பினேன். என் தோட்டத்தில் எடுக்கிற படத்தில் என் வீட்டுக்காரி வராமல் இருப்பாளா?

படம் டிவியில் வரும் நாளும் வந்தது. சாயங்காலம் தெருவே என் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. அது ஆடிக் காற்று. எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவனுக்குத்தான் தெரியும். வாழையை முறித்துப் போட்டுவிட்டுப் போகும். ஆன்டெனா திரும்பிக்கொண்டது. டிவியில் வெறும் புள்ளி. நான் மாடிக்கு ஏறினேன். இரும்புக் குழாயைத் திருப்பிக் கொடைக்கானல் பக்கம் வைத்தால் படம் தெரிந்தது. கையை எடுத்தால் போய்விட்டது. வேறு ஒருத்தனைப் பிடிக்கச் சொன்னேன். அவன் பிடித்தால் படம் ஆடியது. எந்த வேலையும் என் கை பட்டால்தான் நடக்கும். நானே நின்றேன்.

கீழே வாசலிலிருந்து என் மனைவியின் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"இந்தாருங்க, கொஞ்சம் மலப்பக்கம். இன்னங்கொஞ்சம். இப்பத் தெரியுது. அப்படியே அசையாம நில்லுங்க."

படம் முடியும் வரை அப்படியே நின்றேன். கடைசியில் டீச்சர் ஊரைவிட்டுப் போகிற இடம் வந்தபோது கீழே பெண்கள் மூக்கைச் சிந்துவது மாடிவரை கேட்டது. அந்தப் படத்தை நினைத்து நினைத்து எங்கள் தெருப் பெண்கள் பல நாள் களையெடுக்கும்போதும் பேசினார்கள். பார்க்காதவன் நான் ஒருத்தன்தான்.

இறங்கி வந்ததும் அவளிடம் எப்படி வந்தது என்று கேட்டேன். "நல்லா வந்துச்சு. காத்துல முந்தானை பறக்குது. ஒரு கையால இழுத்துச் செருகிக்கிட்டு, திரும்பி ஒரு சிரிப்புச் சிரிக்கிறேன். முகம் பளிச்சுன்னு தெரியுது" என்றாள். பிறகும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சலிக்காமல் சொல்வாள். மறு ஒளிபரப்பு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். வரவே இல்லை.

அடுத்த வருஷமே மஞ்சள் காமாலையில் அவள் போய்விட்டாள். மகளுக்கு அப்போது நடக்கிற வயது.

அவளுடைய போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கல்யாணத்தைக் கோவிலில் முடித்ததால் போட்டோக்காரர் இல்லை. ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்றால், "தங்கத்தோடு போட்டுக்கிட்டுத்தான் எடுப்பேன்" என்று தள்ளிப் போட்டாள். கையில் இருந்த காசெல்லாம் அப்போது டிவிக்கும் குத்தகைக்கும் போயிருந்தது. தோடு வாங்கும் காலம் வந்தபோது காது இல்லை. அந்தக் காலத்தில் இறந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டுப் படம் எடுப்பார்கள். என் அண்ணன் போட்டோக்காரரைக் கூட்டியே வந்துவிட்டார். நான் விரட்டிவிட்டேன். அந்த முகத்தை என் மகள் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால் என் மகள் எந்த முகத்தையும் பார்க்காமலே வளர்ந்தாள்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால், வீட்டில் வாழ்ந்து இறந்த சுமங்கலிக்குப் புதுச் சேலை வைத்துக் கும்பிட வேண்டும். படத்துக்கு மாலை போட்டு, படத்துக்கு முன்னால் சேலை வைப்பார்கள். என் மகளின் கல்யாணத்துக்கு வெறும் விளக்கின் முன்னால்தான் வைத்தோம். போன வருஷம் அவளுடைய பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. அப்போதுதான் என் மகள், "அந்தப் படத்தத் தேடிப் பாப்பமாப்பா? அதுலருந்து அம்மா முகத்த மட்டும் எடுத்துப் போட்டோ பண்ணிரலாம்ல?" என்று கேட்டாள்.

அவள் என்னிடம் எதையும் கேட்கிற பெண் இல்லை. தேடினேன்.

மருமகன் இன்டர்நெட்டில் துழாவினார். இல்லை. சென்னைக்குக் காரை எடுத்துக்கொண்டு நானே போனேன். டிவி நிலையத்தில், பழைய டேப்பில் எல்லாம் மேலே வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டதாகச் சொன்னார்கள். படத்தை எடுத்தவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. குமுளிக்கு அந்தப் பக்கம் பழைய கேசட் சேர்க்கிற ஒருவர் தன்னிடம் இருக்கிறது என்று அனுப்பிவைத்தார். குடும்பமே உட்கார்ந்து பார்த்தோம். அதுவும் ஒரு டீச்சர் கதைதான்; ஆனால் வேறு டீச்சர், வேறு ஊர். என் மகள் கூட்டத்தில் நடந்துபோகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் நிறுத்தி நிறுத்தி, "இதாப்பா? இதாப்பா?" என்று கேட்டாள். நான் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். என் ஆயுசில் அவ்வளவு தோற்றுப்போய் நான் உட்கார்ந்ததில்லை.

டெல்லியில் ஒரு பிரதி இருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். டிக்கெட் போட்டுவிட்டேன். அதைக் கேள்விப்பட்டு என் சித்தப்பா மகள் வந்தாள், அந்தப் படத்தில் கூடையோடு நடந்தவர்களில் இன்றைக்கு மிச்சம் இருப்பவள். வாசலில் நின்றுகொண்டே சொன்னாள்.

"டெல்லிக்கெல்லாம் போகாதீகண்ணே. அதுல மதினி மொகம் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன தெரியும்? அவளே எங்கிட்டச் சொன்னா" என்றேன்.

"மதினி எங்கண்ணே பாத்துச்சு? ஆளுகெல்லாம் டிவி முன்னாடி இருந்தாக. அது வாசப்படியில நின்னு, தலைய வெளிய நீட்டி, உங்களையே பாத்துச் சத்தம் குடுத்துக்கிட்டுல்ல இருந்துச்சு. நாங்க நடக்குற எடம் வந்தப்ப, வா மதினி, வா மதினின்னு கூப்டேன். நான் திரும்புனா அவுகளுக்குக் கம்பிய எப்பிடி நிப்பாட்டணும்னு தெரியாதுன்னுருச்சு. அப்பறமா எங்கிட்டத்தான் கேட்டுச்சு. உன் மொகத்த எங்கூடை மறச்சிருச்சு மதினின்னேன். முந்தானைய எடுத்து மொகத்தத் தொடச்சுக்கிச்சு. பெறகு, அவுகட்டச் சொல்லிராத, கம்பியப் புடிச்சுக் கையெல்லாம் கன்னிப்போயி எறங்கி வாறாகன்னு சொன்னுச்சு."

இத்தனை வருஷம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவள், நான் டெல்லிக்குப் போகிறேன் என்றதும்தான் உடைத்தாள்.

முந்தானை, சிரிப்பு, பளிச்சென்ற முகம், எல்லாம் அவளாக எனக்காக இட்டுக்கட்டியது. ஒவ்வொரு தடவை நான் கேட்டபோதும் முகம் சுளிக்காமல் அதையே திரும்பச் சொல்லியிருக்கிறாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. இந்தத் தடவையும் விளக்கின் முன்னால்தான் சேலை வைத்தோம். கும்பிட்டு எழுந்ததும் மகளை மாடிக்குக் கூட்டிப்போனேன். குழாய் துருப்பிடித்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கீழே வாசலைக் காட்டினேன். "உங்கம்மா அங்கன நின்னா. டிவி வெளிச்சம் அவளுக்குப் பின்னாடி இருந்துச்சு, வாசல் லைட்டு மொகத்துல விழுந்துச்சு. காத்துக்குக் கண்ணச் சுருக்கிக்கிட்டு, கழுத்த நிமித்தி என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. இடது புருவத்துல சின்னதா ஒரு வெட்டு. சத்தம் போட்டுப் போட்டுக் கழுத்து நரம்பு பொடச்சிருந்துச்சு" என்றேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது, அந்த முகம் எனக்கு மறக்கவே இல்லை என்று. என் மகள் வெகுநேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊரே பார்த்த படத்தை நான் மட்டும் பார்க்கவில்லை என்று இத்தனை வருஷம் குறைபட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பொழுது முழுக்க, தான் டிவியில் வருவதைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்பதற்குமேல், நான் சம்பாதித்தது என்று சொல்லிக்கொள்ள இப்போது எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.