பிலோமினாவின் ஆகஸ்டு பதினொன்று

பாலக்கரையில் தையல்வேலை செய்த பிலோமினாவுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் சொந்தம். ஆகஸ்டு பதினொன்று, அவள் பெயர்கொண்ட புனிதையின் திருநாள். கல்யாணமாகாமல் தம்பி வீட்டோடு இருந்தவள். மற்ற நாளெல்லாம் அவளுடைய மெஷின் சத்தம்தான் அங்கே கேட்கும். அன்று மட்டும் அவளுக்கென்று பூசை, புதுச்சேலை. முதல் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த தாய் நேர்ந்துகொண்டு வைத்த பெயர்.

1961இல் அந்த நாளுக்கு ஆபத்து வந்தது. பிலோமினம்மாளைத் திருநாள் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி ரோமாபுரியிலிருந்து உத்தரவாம்.

"இனிமே உங்களுக்கு எந்த நாள்ல சேலை எடுக்கிறது அண்ணி?" என்றாள் தம்பி மனைவி பாக்கியமேரி, அரிசி களைந்துகொண்டே. "பேசாம அந்தோணியம்மான்னு மாத்திக்குங்க. அந்தோணியார் திருநாளுக்கு ஜூன்லயே எடுத்துரலாம்."

பிலோமினா சிரித்து வைத்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. பங்குச் சாமியாரின் அங்கியைத் தைத்துக் கொடுக்கப் போனபோது, வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டாள்.

சாமியார் பொறுமையாகச் சொன்னார். ரோமாபுரியில், பூமிக்கடியில் ஒரு பழைய கல்லறை. அதை மூடியிருந்த மூன்று ஓடுகளில் எழுத்துகள். ஓடுகளை வரிசை மாற்றி வைத்துப் படித்ததில் கிடைத்த பெயர்தான் இது. ஒளியின் மகள் என்று சிலர் பொருள் சொன்னார்கள், பிரியத்துக்குரியவள் என்று சிலர். இப்போதோ, அந்த ஓடுகளே வேறு யாருடைய கல்லறையிலிருந்தோ வந்திருக்கலாம் என்கிறார்கள்.

"உள்ள எலும்பு இருந்துச்சா சாமி?"

"இருந்துச்சு. பதிமூணு, பதினாலு வயசுப் பொண்ணோடது."

"அது நெசந்தானே?"

"அது நெசந்தான்."

வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. அந்தப் பெண்ணை அவள் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்? யாருடைய பெயரையோ தலைமேல் சுமந்துகொண்டு இத்தனை காலம் கும்பிடு வாங்கியிருக்கிறாளே.

ஆகஸ்டு பிறந்ததும் கோயில் உபதேசியாரிடம் போய், இறந்துபோன ஒரு ஆத்துமத்துக்காகப் பூசை எழுதச் சொன்னாள். யாருக்கு என்று கேட்டார்.

"ஒரு பொண்ணுக்குங்க. பேரு தெரியாது."

அவர் பேனாவை மையில் தொட்டார். அப்படியே எழுதிக்கொண்டார்.

பதினொன்றாம் தேதி காலையில், பெயர் தெரியாத ஒரு சிறுமியின் ஆத்துமத்துக்காக என்று சாமியார் அறிவித்ததும் பெண்கள் பக்கத்தில் முக்காடுகள் திரும்பின. வெளியே வந்ததும் பாக்கியமேரி பிடித்துக்கொண்டாள்.

"யாரு அண்ணி அது? நமக்குச் சொந்தமா?"

"இவ்வளவு நாளும் எம் பேர்ல இருந்தவ," என்று பிலோமினா கதையைச் சொன்னாள்.

பாக்கியமேரி முக்காட்டைத் தோளுக்கு இறக்கிவிட்டு நடந்தாள். பிறகு, "சின்னப் பொண்ணு. எப்படிச் செத்தாளாம்?" என்றாள்.

அதுவும் தெரியாது என்றாள் பிலோமினா. இருவரும் காய்ச்சலா, வேறேதுமா என்று பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள். மெஷினின் மூடியை அன்று அவள் திறக்கவில்லை.