நான் கேட்ட மரியாதை

கரமனை அக்ரகாரத்தில் என்னைச் சரித்திரக்காரர் என்பார்கள். பாதி கிண்டல். சர்க்கார் ஆபீஸில் ஃபைல் புரட்டி ரிட்டயர் ஆன பிறகும் பழைய காகிதத்தை விடவில்லையே என்று என் மனைவிக்கு எரிச்சல். எனக்கும் முன்கோபம் அதிகம். பழைய வீட்டை இடித்துக் கதவை விற்றதை யாராவது பெருமையாகச் சொன்னால் அங்கேயே சண்டைக்கு நின்றுவிடுவேன்.

நான் தேடியது ஒன்றே ஒன்று. இந்தத் தெருவுக்கு யார் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? திருநெல்வேலிப் பக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே எந்த ஊர் என்று கேட்டால் முழிப்பார்கள். நானும் முழிப்பவன்தான். தெருக்கோடி வீட்டுப் பரணில் அதற்குப் பதில் கிடைத்தது. ஜாதக ஓலைகளுக்கு நடுவே ஒரு கட்டு. வீடு வீடாக, முதலில் குடிவந்தவரின் பெயரும் ஊரும். நாலைந்து ஓலைதான் படித்தேன். எங்கள் வீடு வர இன்னும் நிறைய ஓலை பாக்கி.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஈரக்காற்றில் பிரித்து வைத்தால் ஓலையில் பூசணம் பிடிக்கும். மழை ஓயட்டும், வந்து மொத்தமும் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று அந்த வீட்டு மருமகளிடம் சொல்லிக் கட்டித் திருப்பிக் கொடுத்தேன். கையிலிருந்த போனிலேயே எடுத்திருக்கலாம். வெளிச்சம் போதாது என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதோடு நின்றேனா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் கூட்டத்தில் எழுந்து அரை மணி நேரம் பேசினேன். பரணில் கிடக்கும் ஓலைகள் குப்பை இல்லை, முன்னோர்கள் கைபட்டவை, பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரனிடம் தூக்கிப் போடாதீர்கள், கரையானுக்கு விடாதீர்கள், அவற்றுக்குரிய மரியாதையைச் செய்யுங்கள் என்றேன். இரண்டு மாமிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து, நன்றாகப் பேசினேனா என்று மனைவியிடம் இரண்டு தடவை கேட்டேன்.

மழை விட்டதும் காமிராவும் வெள்ளைத் துணியுமாகப் போனேன். மருமகள் சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னாள். ஓலைக் கட்டைக் கேட்டேன்.

"அதெல்லாம் அமாவாசை அன்னிக்கே ஓடற ஜலத்துல விட்டாச்சே மாமா. நீங்கதானே மரியாதை பண்ணணும்னு சொன்னேள். சாஸ்திரிகளைக் கேட்டோம், அதுதான் முறைன்னுட்டார்."

எனக்கு உறைக்கவில்லை. எந்த ஜலம் என்று முட்டாள் மாதிரி கேட்டேன். கரமனை ஆறு என்றாள். அவர்கள் வீட்டு ஓலை மட்டும் இல்லையாம். என் பேச்சைக் கேட்ட பிறகு தெருவில் ஓலை வைத்திருந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்தே போயிருக்கிறார்கள். சந்தனம் தொட்டு, பூ வைத்து, பித்தளைத் தாம்பாளத்தில் ஏந்தி. என்னையும் கூப்பிட வந்தார்களாம், அன்றைக்கு நான் நாகர்கோவில் போயிருந்தேன். ஆற்றில் வெள்ளம், ஒரு நிமிஷத்தில் எல்லாம் போய்விட்டது, பார்க்கவே மனசு நிறைந்துவிட்டது என்றாள்.

எத்தனை தலைமுறை மழைக்கும் கரையானுக்கும் தப்பிக் கிடந்தது, என் வாய்க்குத் தப்பவில்லை. அவளைத் திட்ட வேண்டும் என்று வெறி வந்தது. என்னவென்று திட்டுவது? சொன்னதைச் செய்திருக்கிறாள்.

"பண்ணினது சரிதானே மாமா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். அவளுக்கு நிம்மதி. பரணில் பழைய போட்டோக்களும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறதாம். அவற்றுக்கு என்ன முறை என்று நான்தான் சொல்ல வேண்டுமாம்.

"ஒரு முறையும் வேண்டாம். எங்கிட்ட குடுத்துடு" என்றேன்.

அன்றைக்கு அரை மணி நேரம் பேசியதில் இந்த ஒன்றை மட்டும் நான் சொல்லவேயில்லை.