கண்ணாடியில் விழுந்த கீறல்

ரெஜினா போய்விட்டாள் என்று செய்தி வந்தபோது நான் கணினித் திரையில் ஒரு மரக்கதவுக்கு நிறம் போட்டுக்கொண்டிருந்தேன். "ரொம்ப சுத்தமா இருக்கு, அழுக்காக்கு!" என்று தோளுக்குப் பின்னால் நின்று சொல்ல இனி ஆள் இல்லை. அழுதேன். அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அது புரியும்.

அவள் செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். நான் மதுரையிலிருந்து வேலைக்கு வந்தவன். ஒரே வயது, ஒரே மேசை. கணினி விளையாட்டுக்கு நான் உருவம் செய்வேன்; அவள் அதன்மேல் மேற்பரப்பைத் தோல் மாதிரிப் போர்த்துவாள். துரு, தூசி, வெடிப்பு என்றால் அவளுக்கு உயிர். போவன்பள்ளி சந்தைக்குப் போனால் காய் வாங்க மறந்து, கோணிச் சாக்குகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்புவாள். வீட்டில் திட்டு விழும்.

எங்கள் ஐந்து பேர் குழுவின் முதல் வெளிநாட்டு வேலை ஒரு பழைய லாரி. பொம்மை மாதிரி இருக்கிறது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறையும் திரும்பினால் எங்கள் ஐந்து பேருக்கும் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மறுநாள் ரெஜினா சனத்நகர் பழைய இரும்புக் கடையிலிருந்து லாரிக் கதவின் தகட்டுத் துண்டு ஒன்றோடு வந்து நின்றாள். நான் தடுப்பதற்குள் அதைப் புது ஸ்கேனரின் கண்ணாடிமேல் வைத்து நகர்த்தியும்விட்டாள். க்ரீச்!

கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல். நான் மேனேஜர் அறையைத் திரும்பிப் பார்த்தேன். அவளோ ஸ்கேன் ஆனதும் திரையைப் பார்த்துக் குதித்தாள். துருவின் ஒவ்வொரு பொருக்கும் தெரிந்தது, குறுக்கே அந்தக் கீறலும். நான் அதை அழிக்கப் போனேன். 'வேண்டாம்' என்பதற்கு அந்த ஊர்ச் சொல்தான் அவள் வாயில் வரும்.

"நக்கோ, நக்கோ! கை வைக்காதே. இத்தனை வருஷம் ஓடின வண்டி எங்கேயாச்சும் உரசியிருக்காதா?"

"ஸ்கேனர் என்னாச்சுன்னு மேனேஜர் கேட்டா?"

"லாரி உரசிடுச்சுன்னு சொல்லு!"

கதவில் அதைப் போர்த்தியதும் எனக்குப் புல்லரித்தது. நேற்றுவரை பொம்மையாக இருந்தது, விஜயவாடா ரோட்டில் சரக்கேற்றி வந்த வண்டியாகிவிட்டது! ஐந்து பேரும் மாறி மாறித் திரையைத் தொட்டுப் பார்த்தோம். இரண்டே நாளில் பதில் வந்தது: லாரி பிரமாதம், மற்ற வண்டிகளையும் நீங்களே செய்யுங்கள், அந்தக் கீறல் மாதிரி அடையாளங்களோடு. ரெஜினா போட்ட கூச்சலில் பக்கத்து அலுவலகக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

கம்பெனி இடம் மாறியபோது அந்த ஸ்கேனரை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நேற்று அஞ்சலி அட்டைக்காக அவள் புகைப்படத்தை அதில் வைத்தேன். அவள் சிரிப்புக்குச் சற்று மேலே அதே கீறல் ஓடியது. அட்டையை அச்சிடக் கொடுத்தபோது, கீறலை அழித்துவிடட்டுமா என்று அச்சகத்துக்காரர் தெலுங்கில் கேட்டார்.

"நக்கோ" என்றேன்.